பேஸ் கிடாரில் பெலிசியாவின் பாட்டு

கல்யாண வீட்டில் பேஸ் கிடார்காரனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். பாடுகிறவர்களுக்குச் சால்வை போடுவார்கள். கீபோர்டுக்காரருக்குக் கை கொடுப்பார்கள். தபேலாக்காரரைப் பார்த்து "பிரமாதம் சார்" என்பார்கள். பேஸ்காரனிடம் மட்டும் யாராவது ஒரு மாமா வந்து, "தம்பி, இந்த ஒயரக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போடுங்க, வர்றவங்க தடுக்கி வுழுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். மரிய அருள் பதினெட்டு வருஷமாக ஒயரைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பெலிசியா பாடுவாள், அவள் நின்று பாடத் தரை போட்டுக் கொடுப்பது நம் வேலை, அவ்வளவுதான் என்று இருந்தவன்.

குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் அவனுக்கு ஷிஃப்ட் ஆபரேட்டர் வேலை. வாரமெல்லாம் வால்வைத் திறந்து மூடுகிற கை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எட்டு மணிப் பூசையில் பேஸ் கிடாரைப் பிடிக்கும். பெலிசியா அவன் மனைவி, கணக்கு டீச்சர். வீடு செம்மண்டலத்தில். கடலூர்ப் பங்குக் கோயில் பாடற்குழுவில் முதல் குரல் அவளுடையதுதான். "பெலிசியா டீச்சர் பாடுற பூசை எத்தினி மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவளுடைய வீட்டுக்காரர் அதே குழுவில் இருக்கிறார் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

போன ஆகஸ்டில் பெலிசியாவின் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டது. தைராய்டு என்றார்கள், எடுத்துவிடலாம் என்றார்கள், எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று மரிய அருள் அழுதேவிட்டான். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் ஓடுகிறது, சில பேருக்கு அது அசந்துபோகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்தச் சில பேரில் பெலிசியாவும் ஒருத்தி ஆகிப்போனாள். யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை.

மூன்று மாதம் வெறும் காற்றாக இருந்த தொண்டையில் டிசம்பரில் குரல் திரும்பி வந்தது. ஆனால் வந்தது வேறு குரல். தணிந்த குரல், ஓரமெல்லாம் சொரசொரப்பு. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டுமே என்று அவள் கழுத்தில் ஒரு மைக்கும் இடுப்பில் கையளவு ஸ்பீக்கரும் மாட்டிக்கொண்டு இயற்கணிதம் நடத்தினாள். பிள்ளைகள் அவளுக்கு "கண்டக்டர் மிஸ்" என்று பெயர் வைத்தார்கள். அதை அவளே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாள். பாட்டைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டு, பாட்டு இல்லாத ஆறு மணிப் பூசைக்குத் தனியாகப் போய்வந்தாள். அவன் எட்டு மணிப் பூசைக்குப் போனான். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லாமல் ஆளுக்கொரு பூசைக்குப் போன புருஷன் பெண்டாட்டி அந்தப் பங்கிலேயே இவர்கள்தான்.

மரிய அருளின் போனில் பெலிசியாவின் பழைய பாட்டுகள் இருநூறுக்கு மேல் இருந்தன. பூசையில் எடுத்தது, ரிகர்சலில் எடுத்தது, அடுப்படியில் அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஹெட்செட்டைக் காதில் சொருகிக்கொள்வான். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் கழற்ற மறந்துவிடுவான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பெலிசியாவின் தங்கை ரீட்டா கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்து இறங்கினாள். அப்பா அம்மா போன பிறகு ரீட்டாவை வளர்த்து, படிக்க வைத்து, சிதம்பரத்தில் ஒரு வேலையில் உட்காரவும் வைத்தவள் பெலிசியாதான். மாப்பிள்ளை ஜெனித்தும் சிதம்பரத்துப் பையன். மஸ்கட்டில் வேலை, மே மாதம் லீவில் வருகிறான். கல்யாணம் அவர்கள் பங்குக் கோயிலில்.

"யக்கா, நன்றிப் பாட்டுக்கு என்னா பண்றது?" என்று ரீட்டா கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கி முடித்ததும் பெலிசியா ஒரு பாட்டுப் பாடுவாள். பாடற்குழுத் தலைவர் தேவசகாயம் அவள் குரலுக்கென்றே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு அது. "கிணற்றடியில் காத்திருந்தீர், என் தாகம் தெரிந்தவரே" என்று தொடங்கும். ரீட்டா தொட்டிலில் கிடக்க வேண்டிய வயதைத் தாண்டிய பிறகும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தூங்குவேன் என்று அடம்பிடித்தவள்.

பெலிசியா ஏதோ சொல்ல வாய் திறந்தாள். திறந்தவள் கணவனைப் பார்த்தாள். பாவம், இவளிடம் போய் இதைக் கேட்கிறாளே என்று மரிய அருளுக்குத் தோன்றியது. அவன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டான்.

"வேற யாராவது பாடட்டும்டி" என்றாள் பெலிசியா.

"வேற யாரும் பாட வேணாம். நீ இல்லன்னா அந்தப் பாட்டே வேணாம்" என்று சொல்லிவிட்டு ரீட்டா எழுந்து முகம் கழுவப் போனாள்.

அன்று மரிய அருள் ஒரு முடிவுக்கு வந்தான். அந்தப் பாட்டு அந்தக் கல்யாணத்தில் ஒலிக்க வேண்டும். வேறு எந்தக் குரலிலும் ஒலிக்கவும் கூடாது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே வழி. மெட்டைத் தானே பேஸில் வாசித்துவிடுவது. நல்ல மனசுக்காரர்களுக்குத் தோன்றும் யோசனைகளில் பாதி இப்படித்தான், கேட்கும்போது கண் கலங்கும், பிறகுதான் வினை தெரியும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற வாரங்களில் பகல் பதினோரு மணிக்கு எழுந்துவிடுவான். பெலிசியா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஹெட்செட்டில் அவள் பாட்டைப் போட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடினான். பதினெட்டு வருஷம் கீழே மூன்று நான்கு இடத்திலேயே உலவிய விரல்கள் இப்போது கிடாரின் கழுத்தில் பாதிக்கு மேல் ஏறிப் போக வேண்டியிருந்தது. பாட்டின் உச்சம் "தாகம்" என்ற சொல்லில் இருக்கிறது. அவள் பாடுவது ஏ மைனரில். அதை ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்தால்கூட, "தா" போய் நிற்கும் இடம் மெல்லிய கம்பியில், அந்தக் கழுத்தில் குறுக்கே பதித்த கோடுகளில் இருபத்தோராவது ஃபிரெட். அவன் கிடாரில் அதற்கப்புறம் ஃபிரெட்டே கிடையாது. மரத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் கையை நுழைத்து, சுண்டுவிரலால் எட்டிப் பிடிக்க வேண்டும்.

முதல் வாரம் சுரமெல்லாம் சரியாக வந்தது. பாட்டு வரவில்லை. "காத்திருந்தீர்" என்ற சொல் மூன்று இடத்தில் ஒரே சுரத்தில்தான் நிற்கிறது. பாடும்போது அது காத்திருப்பதாகவே கேட்கும். கம்பியில் தட்டினால் யாரோ கதவைத் தட்டுவதாகத்தான் கேட்டது. நாலைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. இடது கை சுரத்தைப் பிடிக்கிறது, சரி. சொல்லைச் சொல்ல வேண்டியது வலது கை. "கிணற்றடி"யில் வருகிற "ற்ற"வுக்கு நகம் படக் கம்பியை அழுத்திச் சுண்ட வேண்டும். "தெரிந்தவரே"யில் வருகிற "ந்த"வுக்குக் கட்டைவிரலின் சதையால் தொட்டாலே போதும். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த வல்லினமும் மெல்லினமும் நாற்பத்திரண்டு வயதில் விரல் நுனியில் வந்து நின்றது. வாய்க்குள் சொல்லிக்கொண்டே வாசித்தான். சொல் தானாக வந்தது.

அப்புறம் மூச்சு. கம்பிக்கு மூச்சு தேவையில்லை, வாசித்துக்கொண்டே போகலாம். ஆனால் மூச்சு விடாத பாட்டைக் கேட்கிறவனுக்கு நெஞ்சு அடைக்கும். பெலிசியா எங்கெங்கே மூச்சு விடுகிறாள் என்று கவனித்து, அங்கெல்லாம் கம்பியை உள்ளங்கையால் அமர்த்தினான். அவளிடம் ஒரு தப்பான மூச்சும் உண்டு. "கிணற்" என்று நிறுத்தி, மூச்சு இழுத்து, "றடியில்" என்பாள். முதல் தடவை அரங்கேற்றியபோது அவளுக்கு விக்கல். அந்த விக்கல் போய்விட்டது, இடைவெளி அங்கேயே தங்கிவிட்டது. தேவசகாயம் பத்து வருஷம் திட்டிப் பார்த்து விட்டுவிட்டார். மரிய அருள் அந்தத் தப்பையும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் பாட்டு முழுசாக வந்துவிட்டது. கண்ணை மூடினால் அவள் பக்கத்தில் நின்று பாடுகிறாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் இல்லாதிருந்தது அந்த நிமிஷம் இருந்தது. அவன் கிடாரைக் கட்டிக்கொண்டான்.

ரீட்டா கல்யாணத்துக்குப் பாட வந்தது கடலூர்க் குழுதான். கல்யாணத்தன்று காலை சிதம்பரத்துக் கோயிலில் ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் தேவசகாயத்திடம் சொன்னான். "நன்றிப் பாட்டுக்கு நீங்க கீபோர்டுல கார்ட்ஸ் மட்டும் புடிங்கண்ணே. டியூன நான் பாத்துக்குறேன்."

"பேஸ்லயா?" தேவசகாயம் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கினார். "பெலிக்குத் தெரியுமா?"

"சர்ப்ரைஸ்ணே."

தேவசகாயம் பின்னந்தலையைச் சொறிந்தார். ஏதோ கேட்க நினைத்தவர், மணி அடித்துவிடவே ஃபைலைப் புரட்டத் தொடங்கினார்.

பூசை நன்றாகவே நடந்தது. ஜெனித் தாலி முடிச்சுப் போடத் தடுமாறியதைப் பார்த்து ரீட்டா சிரித்துவிட்டாள். முன் வரிசையில் பெலிசியா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். நற்கருணை முடிந்து கோயில் அடங்கியதும் மரிய அருள் வால்யூமைத் திருகி, எழுந்து நின்று, கையைக் கிடார்க் கழுத்தில் மேலே ஏற்றினான்.

முதல் சொல்லிலேயே ரீட்டா திரும்பிவிட்டாள். "கிணற்", பிறகு இடைவெளி, "றடியில்". கோயிலில் இருமல் சத்தம்கூட இல்லை. உச்சியில் மின்விசிறிகள் சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே ஆண்குரலும் இல்லாத பெண்குரலும் இல்லாத ஒன்று தணிந்து பாடிக்கொண்டிருந்தது. மணப்பெண்ணின் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். இரண்டாவது வரியில் தேவசகாயம் கீபோர்டின் சத்தத்தைக் குறைத்தார். பாடற்குழுவில் இருந்த பெண்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். முன் வரிசையில் ஒரு பெரியம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டு, மறு கையால் பெலிசியாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பெலிசியா அவனை நேராகப் பார்த்தாள். பிறகு பெரியம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்து, பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டாள்.

பாதிப் பாட்டில் நிறுத்த முடியுமா? அவன் வாசித்தான். சுண்டுவிரல் எட்டிப் பிடித்தது, "தாகம்" பிசிறில்லாமல் ஒலித்தது. ஆயுளில் அவன் அதைவிட நன்றாக எதையும் வாசித்ததில்லை. அதுதான் கொடுமை.

பூசை முடிந்து எல்லோரும் போட்டோவுக்கு முண்டியடிக்கும்போது அவன் அவளைத் தேடிப் போனான். கோயிலுக்குப் பின்னால் பாதாம் மரத்தடியில் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னா பெலி? புடிக்கலியா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆரோக்கிய ராணி அக்காவ எடுத்த அன்னிக்கு நாம கோயில்ல என்னா பண்ணோம் மாமா?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர்கள் பாடற்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. குழுவில் யாராவது இறந்துபோனால், அடக்கப் பூசையில் அவர்களுடைய பாட்டை யாரும் பாட மாட்டார்கள். மெட்டை மட்டும் வாசிப்பார்கள். சொல் இல்லாமல், குரல் இல்லாமல், அந்த ஆளின் இடத்தை வெறுமையாக விட்டு வாசிப்பார்கள். வாயில்லாப் பாட்டு என்று அதற்குப் பெயரே உண்டு. ஆரோக்கிய ராணி என்ற அந்த மூத்த பாடகிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி வாசித்தபோது கீழே பேஸ் பிடித்தவன் இதே மரிய அருள்தான். இரண்டரை மாதம் வல்லினம் மெல்லினம் எல்லாம் பார்த்தவனுக்கு இது ஒன்று மட்டும் கண்ணில் படவில்லை. கடலூரிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் இரண்டாவது வரியிலேயே பட்டுவிட்டது.

"பெலி, சத்தியமா நான் அத நெனச்சே பாக்கல."

"தெரியும். எனக்கும் பண்ணியாச்சி, நல்லபடியா முடிஞ்சிது." அவள் குழாயை இறுக மூடினாள். "வா, பந்தியில தேடுவாங்க."

மண்டபத்தில் அவள் எல்லோரையும் உபசரித்தாள். மோர் ஊற்றினாள், மாப்பிள்ளை வீட்டாரோடு சிரித்தாள். அவன் இலையில் இரண்டாவது தடவை பாயசம்கூட வைத்தாள். அவனிடம் பேச்சு மட்டும் இல்லை. தேவசகாயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானாவது சொல்லியிருக்கணும்டா" என்றார். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

சாயங்காலப் பாசஞ்சர் ரயிலில் திரும்பினார்கள். கூட்டம் இல்லை. எதிரெதிரே ஜன்னலோர இடம். கிடார் பை அவன் முழங்கால்களுக்கு நடுவில் நின்றது. கிள்ளை தாண்டும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எத்தினி நாள் பிராக்டீஸ் பண்ண?"

"ரெண்டரை மாசம். நீ ஸ்கூலுக்குப் போனப்புறம்."

"அந்த விக்கல் மூச்சக்கூட வுட்டு வெக்கல." அவள் உதடு கொஞ்சம் கோணியது. "நல்லாத்தான் வாசிச்ச. அதாலதான் இன்னும் ஜாஸ்தி எரிஞ்சிது."

"உன் பாட்டு உன் தங்கச்சி கல்யாணத்துல இல்லாமப் போவக்கூடாதுன்னு நெனச்சேன்."

"என் பாட்டா? நீ ஹெட்செட்டுல கேக்குறியே ஒருத்தி, அவ பாட்டு அது. அவ ஸ்கேலு, அவ மூச்சு. அவ வேற ஆளு மாமா. ஒம்போது மாசமா நீ அவகூடதான் குடும்பம் நடத்துற. அவளும் நானும் ஒரே வூட்டுல இருக்க முடியாது."

வண்டி பரங்கிப்பேட்டையில் நின்று, நாலு பேர் மீன் கூடையோடு ஏறி, மறுபடி கிளம்பியது.

"நான் பேசினா உன் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு உனக்குத் தெரியாது" என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள். "பல்லு வலிக்காரன் மூஞ்சி. டக்குனு வந்து டக்குனு போயிரும். நான் பாத்துருவேன்."

இல்லை என்று சொல்லத்தான் அவன் நினைத்தான். ஆனால் இல்லை என்று சொன்னால் அது பொய். அவள் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவன் மனசு ஒரு அரை நொடி பழைய குரலுக்குக் காத்திருந்து ஏமாந்தது உண்மை. அதை அவன் அவள் மேல் வைத்த பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது என்னவாக இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. தாங்க முடியாத வெட்கம்.

"ஸ்கூல்ல ஆறாவது பீரியடு எனக்கு ஃப்ரீ" என்று அவள் தொடர்ந்தாள். "லேப்புக்குப் பக்கத்து ரூமு காலியா கெடக்கும். டாக்டர் சொன்ன மாதிரி ஸ்ட்ராவ தண்ணியில வச்சி ஊதுவேன். அப்புறம் பாடிப் பாப்பேன்."

"பாடுறியா?"

"ஜனவரியிலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே பெலி."

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். ரீட்டா பத்திரிக வச்சிக்கினு கேட்டா பாரு, அன்னிக்கு. உன்னப் பாத்தேன். நீ எழவு வூட்டுல ஒக்காந்திருக்கிறவன் மாதிரி தரையப் பாத்த. சரி, வேணாம்னு வுட்டுட்டேன்."

புதுச்சத்திரம் வந்தது, போனது. மரிய அருள் எதிர் இருக்கையிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்டான், சுற்றி வளைக்காமல் கேட்டான். போனை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்றான்.

"அழிக்க வேணாம். அவ நல்லாத்தான் பாடுவா" என்றாள் பெலிசியா. "எப்பயாச்சும் கேளு. தெனம் கேக்காத."

கொஞ்ச நேரம் கழித்து அவன் தயங்கித் தயங்கி, குழுவில் புதிதாகச் சேருகிற ஆளிடம் கேட்பதைப் போலக் கேட்டான். "எந்த ஸ்கேல்ல பாடுற?"

"இ மைனரு. மேல பி வரைக்கும் போவும். அதுக்கு மேல காத்துதான்."

அவன் விரல்கள் கிடார் பையின் மேல் தாமாகவே நகர்ந்து எண்ணின. உச்சியில் இருக்கிற "தாகம்" சரியாக பியில் போய் நின்றது. "ஏய், அந்தப் பாட்டு முழுசா அதுல அடங்கிருமே!"

"எனக்குக் கணக்கு வரும் மாமா" என்றாள் கணக்கு டீச்சர்.

அடுத்த ஞாயிறு ரீட்டாவும் ஜெனித்தும் மறுவீட்டு விருந்துக்குச் செம்மண்டலம் வந்தார்கள். வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, கோழி பிரியாணி என்று பெலிசியா இரண்டு நாளாகப் பாடுபட்டிருந்தாள். சாப்பிட்டு முடித்து, ஜெனித் சோபாவில் கண் சொருகப்போன நேரத்தில் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, அந்தக் குட்டி ஆம்ப்ப எடு."

ரீட்டா அக்காவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மரிய அருள் ஒயரை மாட்டி, சுருதி சேர்த்து, நாற்காலியில் உட்கார்ந்தான். பெலிசியா சுவரில் சாய்ந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டாள். இ மைனர் என்று வாயசைத்தாள். தொடங்கினாள்.

இரண்டரை மாதப் பழக்கம் லேசில் போகுமா? அவன் கை தானாக மேலே ஏறி, அவளோடு சேர்ந்து மெட்டைப் பிடித்தது. ஒரு வரிகூட முடியவில்லை, அவள் நிறுத்திவிட்டாள்.

"பாட்ட வுடு மாமா. அத நான் பாத்துக்குறேன். நீ கீழ வா."

அவன் கீழே வந்தான். தடித்த நாலாவது கம்பியை, எங்கும் அழுத்தாமல், திறந்தபடியே சுண்டினான். நாற்காலிக் காலும் தரையும் அதிர்ந்தன. அந்த அதிர்வின் மேல் அவள் மறுபடி தொடங்கினாள். அவன் கண்ணைக் கிடாரின் கழுத்தைவிட்டு எடுக்கவில்லை. முகம் என்ன செய்துவிடுமோ என்ற பயம்.

அவள் இரண்டாவது முறையும் நிறுத்தினாள். "என்னப் பாத்து வாசி."

நிமிர்ந்தான். பார்த்தான். சமையல் வேர்வை காயாத நெற்றி, கழுத்தில் சுருக்கம் மாதிரி ஒரு கோடாக ஆறிப்போன தழும்பு, அதற்கு மேலே அந்த வாய். குரல் தணிந்து, சொரசொரத்து, ஆனால் நேராக வந்தது. பழைய குரலில் அந்தப் பாட்டு ஒரு சின்னப் பெண் கேட்கிற வரமாக இருக்கும். இந்தக் குரலில் அதைப் பாடுகிறவள் அந்தக் கிணற்றடிக்குப் போய் நிஜமாகவே வெகுநேரம் நின்றிருக்கிறாள். உச்சியில் "தாகம்" என்கிற இடத்தில் குரல் பாதி உடைந்து காற்றாகப் போனது. அவள் அதை மறைக்கவில்லை, விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்கு இறங்கினாள். அவன் பார்வையை எடுக்கவில்லை. பழையதுக்காக ஏங்க அவனுக்கு நேரமே இருக்கவில்லை. அவள் அடுத்து எங்கே போவாள் என்று தெரியாமல், அவள் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

பாட்டு முடிந்தது. ரீட்டா அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். தூக்கமெல்லாம் கலைந்துபோன ஜெனித் எழுந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பையன் பெலிசியாவின் பழைய குரலை ஒரு நாளும் கேட்டதில்லை, ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் ஒன்றும் இல்லை.

"என்னாண்ணே இது" என்றான் மரிய அருளிடம். "அக்காவுக்கு இப்படி ஒரு கொரல் இருக்குதுன்னு நீங்க யாருமே எங்கிட்ட சொல்லலியே."

மரிய அருள் கம்பியை உள்ளங்கையால் அமர்த்தினான். "எனக்கே இன்னிக்குத்தான் தெரியும் தம்பி" என்றான்.

பெலிசியா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவள் எப்போதும் பார்க்கிற அந்தப் பல்வலிக்காரன் இன்று அங்கே இல்லை. தங்கையின் கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"இன்னொரு தரம் வாசி" என்றாள்.